கயலுக்கு, சூட் வாங்கும் முன்

அன்புள்ள கயல்,

புனேயிலிருந்து நீ அனுப்பிய வீடியோவை நானும் அம்மாவும் ஏழெட்டுத் தடவை பார்த்துவிட்டோம். ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுகிற ஸ்குவாட், 125 கிலோ. இடுப்பு மடிப்பு முழங்காலுக்குக் கீழே நன்றாகவே இறங்குகிறது, நடுவர் மூன்று பேரின் வெள்ளை விளக்கும் எரியும். எழும்போது மட்டும் வலது முழங்கால் கொஞ்சம் உள்ளே சாய்கிறது, கவனித்தாயா? அம்மா கவனித்தது வேறு. "பிள்ளை இளைச்சுப் போச்சு" என்றாள். பவர்லிஃப்டிங்கில் 57 கிலோ பிரிவில் நிற்கிறவள் அப்படித்தான் இருப்பாள் என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

வீடியோவுக்குக் கீழே ஒரே வரியில் கேட்டிருந்தாய்: "அப்பா, நானும் எக்விப்டுக்கு மாறட்டுமா, சூட் வாங்கட்டுமா?" எக்விப்டு என்றால் விறைப்பான சூட்டும் சட்டையும் போட்டுத் தூக்குவது, சின்ன விஷயமில்லை. போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ "சரிப்பா, சரிப்பா" என்று இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சூட்டை உன் பெல்ட்டுக்கு அண்ணன் மாதிரி நினைத்துவிடாதே. பெல்ட், மணிக்கட்டுப் பட்டை, முழங்கால் ஸ்லீவ் இதெல்லாம் உடம்பை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். அதனால்தான் சூட் இல்லாமல் நீ இப்போது தூக்குகிற கிளாசிக்கிலும் அதற்கு அனுமதி இருக்கிறது. ஸ்குவாட்டுக்குப் போடுகிற சூட்டும், படுத்துக்கொண்டு ராடைத் தள்ளுகிற பெஞ்சுக்குப் போடுகிற சட்டையும் வேறு சாதி. நீ இறங்கும்போது துணி இழுபட்டு இழுபட்டு விசை ஏறும், எழும்போது அதைத் திருப்பிக் கொடுக்கும். அந்த உதவி முழுக்கக் கீழேதான். பாதி எழுந்தபிறகு துணி தளர்ந்துவிடும், மீதியை நீதான் எழுப்ப வேண்டும். அதுவும் உன் கால் இதுவரை சுமந்து பழகாத எடையை.

"உங்க காலத்துல மட்டும் எல்லாரும் போட்டீங்களே" என்பாய். எங்களுக்கு வேறு போட்டியே இல்லையம்மா. சர்வதேசப் பவர்லிஃப்டிங் சம்மேளனமான ஐபிஎஃப் உலக அளவில் கிளாசிக் கோப்பை என்று ஒன்றை நடத்தியதே 2012-ல்தான், ஸ்டாக்ஹோமில். அடுத்த வருடம் ரஷ்யாவின் சுஸ்தாலில் அதை முறையான உலக சாம்பியன்ஷிப் ஆக்கினார்கள். அதற்கு முன்பு பவர்லிஃப்டிங் என்றாலே சூட் போட்டுத் தூக்குவதுதான். சூட் இல்லாதவன் சும்மா போய் நின்றால் 40 கிலோ பின்தங்கித்தான் வீட்டுக்கு வருவான்.

பொன்மலையில் எங்கள் ஓட்டுக்கூரை ஜிம்மில் நாலு பேருக்கு ஒரே சூட். யாரோ வெளிநாடு போய்வந்தவரிடம் மாஸ்டர் கெஞ்சி வாங்கியது. நாலு பேருக்கும் நாலு தொடை, சூட்டுக்கு ஒரே அளவு. அதற்குள் நுழைவதே ஒரு வேலை. பாதத்தில் வழுக்கலுக்கு ஜவுளிக்கடை பிளாஸ்டிக் பை ஒன்றை மாட்டிக்கொண்டு, நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கமாகத் துணியைக் கைப்பிடி கைப்பிடியாகக் கிள்ளித் தொடைமேல் ஏற்றுவார்கள். இழுத்து இழுத்து அவர்கள் விரல் முட்டியில் தோல் உரியும். கடைசியில் இரண்டு தோள்பட்டைப் பட்டையையும் பிடித்து என்னை அப்படியே தரையிலிருந்து தூக்கிக் குலுக்குவார்கள், கோணியில் அரிசி இறக்குகிற மாதிரி. கழற்றினபிறகு தொடை முழுக்கச் சிவப்புச் சிவப்பாகத் தடம். மூன்று நாள் இருக்கும். அப்போது அம்மாவுக்கும் எனக்கும் கல்யாணமாகிப் புதுசு. யாரோ என்னை அடித்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டாள்.

1996-ல் நடந்ததை உன்னிடம் முழுசாகச் சொன்னதில்லை. மாநிலப் போட்டி, ஒரு கல்யாண மண்டபத்தில். நான் 67.5 கிலோ பிரிவு, அப்போதெல்லாம் பிரிவு அப்படித்தான். சூட் இல்லாமல் 150 எடுப்பேன், சூட்டும், முழங்காலில் சுற்றுகிற ராப் பட்டையும் போட்டால் 190. எங்கள் சூட்டை அன்று 75 கிலோக்காரன் ஒருவன் போட்டுக்கொண்டான், அவனும் அதே சுற்றில் தூக்க வேண்டியிருந்தது. எனக்கு வேறு ஊர்ப் பையனிடம் ஒன்றை இரவல் வாங்கினோம். ஒரு அளவு சின்னது. இறுக்கமாக இருந்தால் இன்னும் நல்லதுதானே என்று நான் நினைத்தேன். மாஸ்டர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், நான் பார்க்கவில்லை.

முதல் தூக்கு 185. இறங்குகிறேன், இறங்குகிறேன், ஒரு இடத்துக்குமேல் சூட் விடமாட்டேன் என்கிறது. நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி நிறுத்திவிட்டது. அங்கிருந்தே எழுந்தேன், இரண்டு சிவப்பு விளக்கு. மறுபடி 185, மறுபடி அதே கதை. மூன்றாவதுக்கு என் மூளை ஒரு கணக்குப் போட்டது: எடை கூடினால் அதுவே என்னைக் கீழே அமுக்கிவிடும். 192.5 கேட்டேன். கணக்கு சரிதான், அமுக்கியது. நல்ல ஆழம். ஆனால் அங்கிருந்து எழுவதற்கு என்னிடம் கால் இல்லை. இரண்டு பக்கமும் நின்ற பையன்கள் ராடைப் பிடித்து ஸ்டாண்டில் ஏற்றினார்கள். ஸ்குவாட்டில் மூன்றும் போனால் ஸ்குவாட், பெஞ்ச், டெட்லிஃப்ட் மூன்றையும் கூட்டுகிற டோட்டல் கிடையாது, அன்றைய போட்டியே முடிந்தது. மண்டபத்துப் பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தேன். உள்ளே சாயங்கால ரிசப்ஷனுக்குச் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. மாஸ்டர் வந்து பக்கத்தில் நின்றார். திட்டுவார் என்று பார்த்தால், "ராப்பக் கழட்டுடா முதல்ல, காலு நீலமாயிடுச்சு" என்றார். அவிழ்க்கவே மறந்திருந்தேன்.

இதைச் சொல்வது உன்னைப் பயமுறுத்த இல்லை. சூட் போட்டால் இறங்குவதற்கே எடை வேண்டும், எடை ஏறினால் எழுவதற்குக் கால் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடம் ரொம்பச் சின்னது. மாதக்கணக்கில் அதே சூட்டில் பழகினால்தான் அது உடம்புக்குப் புரியும்.

பெஞ்ச் சட்டை இதைவிட மோசம். சட்டை இல்லாத பெஞ்சில் எனக்கு 105. சட்டை போட்டுக்கொண்டால் அந்த 105 நெஞ்சையே தொடாது, காற்றில் நிற்கும். 120 ஏற்றினால்தான் தொடும். தொடுகிற இடமும் மாறிவிடும், வழக்கத்தைவிடக் கீழே, விலா முடிகிற பக்கம். கொஞ்சம் தலைப்பக்கம் போனால் சட்டை ராடை முகத்துக்கு வீசும், கால்பக்கம் போனால் வயிற்றில் இறக்கிவிடும். அதனால் பலகை வைத்துப் பழகுவோம். ஒர்க்‌ஷாப்பில் பெட்டி உடைத்த பலகையை அறுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று ஆணி அடித்து வைத்திருந்தேன். நெஞ்சின்மேல் ஒருவன் அதைப் பிடித்துக்கொள்வான், ராடு பலகையைத் தொட்டால் போதும். வாரம் போகப்போக மூன்று பலகை இரண்டாகும், ஒன்றாகும், கடைசியில் நெஞ்சு. சட்டை கீழேதான் உதவும் என்பதால் மேலே பூட்டுகிற வேலை முழுக்க டிரைசெப்ஸ் தலையில் விழும். உன்னுடைய 62.5-ல் நீ திணறுவது கீழேயா மேலேயா என்று பார்த்துச் சொல். மேலே என்றால் சட்டை உனக்கு ஒன்றும் செய்யாது.

நீயே அனுப்பினாயே, ஜூலியஸ் மேடாக்ஸ் சட்டை இல்லாமல் 355 கிலோ தள்ளியது, 2021-ல். பல அடுக்குச் சட்டையோடு ஜிம்மி கோல்ப் என்பவர் 600-க்கும் மேலே போய்விட்டார். நம் ஐபிஎஃப்பில் ஒற்றை அடுக்குக்கு மட்டும்தான் இடம், அது வேறு. ஆனால் டெட்லிஃப்டைப் பார். ஆண்டி போல்டன் சூட்டோடு 2009-ல் 457.5 எடுத்தார். இரண்டே வருடத்தில் பெனடிக்ட் மாக்னுசன் சூட்டே போடாமல், பெல்ட் மட்டும் கட்டிக்கொண்டு 460 எடுத்துவிட்டார். தரையிலிருந்து இழுக்கிற வேலையில் துணிக்குப் பெரிய பங்கில்லை. பிடியும் உன் விரல்தான். அதனால் உன் 145-ஐ அப்படியே விட்டுவை, டெட்லிஃப்ட் சூட்டுக்குக் காசு கொடுக்காதே.

சரி, என் முடிவு. ஸ்குவாட் சூட் வாங்கு. ஆனால் வருகிற போட்டியைக் கிளாசிக்கிலேயே முடித்துவிட்டு வாங்கு. அந்த வலது முழங்காலைச் சரிசெய்ய உனக்கு நாலைந்து மாதம் ஆகும். ராப் கட்டிவிட்டால் அந்தச் சாய்வு உன் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும், ராப்புக்கு உள்ளே அது பாட்டுக்கு இருக்கும். எடையைக் குறை, கீழே இரண்டு விநாடி நின்று எழு, பக்கவாட்டிலிருந்து எடுக்கிற வீடியோ போதாது, முன்னாலிருந்தும் எடு.

அப்புறம் எக்விப்டு போட்டிக்குப் பத்து வாரம் முன்னால் சூட்டை எடு. முதல் இரண்டு மூன்று வாரம் தோள்பட்டைப் பட்டையை மாட்டாதே, ராப்பும் வேண்டாம். பிறகு ராப், தளர்வாக. தோள்பட்டை கடைசியில். வாரத்தில் ஒரு நாள்தான் சூட். மற்ற நாளெல்லாம் இப்போது செய்கிறாயே, அதேதான். சூட் நாளில் தனியாக ஜிம்முக்குப் போகாதே. இரண்டு பக்கமும் ஒருவர், பின்னால் ஒருவர், மூன்று பேர் இல்லையென்றால் அன்றைக்குச் சூட் இல்லை. இதில் மட்டும் என்னிடம் பேரம் பேசாதே.

ராப்பை நீயே கட்டிக்கொள்ளலாம் என்று யாராவது சொல்வார்கள். கட்டலாம், குனிந்து குனிந்து மூச்சு போய்விடும். வேறொருவர் கட்டுவதுதான் கட்டு. இரண்டு மீட்டர் பட்டை, எட்டு சென்டிமீட்டர் அகலம், அதற்குமேல் விதி விடாது. முதலில் இறுக்கமாகச் சுருட்டி வைத்துக்கொள்ள வேண்டும், தளர்வாகச் சுருட்டினால் கட்டும் தளரும். முழங்காலுக்குக் கீழே ஆரம்பித்து, ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றில் பாதியை மூடிக்கொண்டே மேலே ஏற வேண்டும். மூட்டின் நடுவிலிருந்து மேலே 15 சென்டிமீட்டர், கீழேயும் 15, அதைத் தாண்டக் கூடாது. சீக்கிரம் கட்டினால் கால் மரத்துப்போகும், தாமதமானால் பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள். ராடு தயார் என்று சொன்னதும் தூக்கை ஆரம்பிக்க ஒரு நிமிடம்தான். உனக்கு முன்னால் இரண்டு பேர் பாக்கி இருக்கும்போது ஆரம்பித்தால் சரியாக வரும். நான் தூக்கியதைவிடக் கட்டிவிட்டதுதான் அதிகம். அந்த 1996-க்கு அப்புறம் ஜிம்மில் எல்லோரும் என்னிடம்தான் காலை நீட்டுவார்கள்.

பழைய ராப் இரண்டும் வீட்டில்தான் இருக்கிறது. ஒன்றை அம்மா பரணில் மெத்தையைக் கட்ட எடுத்துக்கொண்டாள். இன்னொன்று டிவிஎஸ் 50-ல் கேஸ் சிலிண்டர் கட்ட. ரப்பர் செத்துவிட்டது, உனக்கு ஆகாது, புதுசு வாங்கிவிடலாம். ஆனால் நேற்று ராத்திரி அதை எடுத்து அம்மாவின் முழங்காலில் கட்டிப் பார்த்தேன். கை மறக்கவில்லை. "மூட்டு வலிக்கு நல்லாருக்கே" என்று அவள் அரைமணி நேரம் அவிழ்க்க விடவில்லை. எக்விப்டில் உன் முதல் போட்டி எந்த ஊரில் இருந்தாலும் லீவு போட்டுவிட்டு வருகிறேன்.

சூட்டுக்கு அளவு எடுத்து அனுப்பு. காலையில், சாப்பிடும் முன்னால். இரண்டு தொடையிலும் பெருத்த இடம், இடுப்பில் பெருத்த இடம், உயரம், அன்றைய எடை. டேப்பை இழுத்துப் பிடிக்காதே. வருகிற எண் என்னவோ அதை அப்படியே எழுது, ஒரு சென்டிமீட்டர்கூடக் குறைக்காதே.

அன்புடன்,
அப்பா

பி.கு.: அம்மா பருப்புப் பொடி அரைத்து வைத்திருக்கிறாள். எடை பார்க்கிற நாள் எது என்று சொன்னால் அதற்கு மறுநாள் வந்து சேருகிற மாதிரி கூரியர் போடச் சொல்கிறேன்.