நஞ்சராயன் குளத்துக்குப் பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

மழை குறைந்த நம் கொங்குச் சீமையில், 2024-இல் ராம்சர் பட்டியலில் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்த திருப்பூர் நஞ்சராயன் குளம் வலசைப் பறவைகளுக்கு அருமையான புகலிடம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை போகலாம். விடிந்ததும், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். 8 மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. வில்லையுள்ள பைனாகுலர் போதும். 12 மடங்கு என்றால் கை நடுக்கத்தில் உருவம் ஆடும்.

குளம் தளும்பி நின்றால், சேற்றில் இரை தேடும் சிறு கரைப்பறவைகளான உள்ளான்களைத் தேடிப் பயனில்லை. அவற்றுக்குச் சேற்று விளிம்பு வேண்டும். தண்ணீர் வற்ற வற்றத்தான் இறங்கும்.

வாத்துகள் ஒருசேரக் கழுத்தை நிமிர்த்தினால் அவை மிரண்டுவிட்டன என்று பொருள்; உடனே பின்வாங்குங்கள். படத்துக்காகக் கல்லெறிந்து பறக்க வைப்பது கொடுமை. வனத்துறை கரையில் காவலரை நிறுத்த வேண்டும், அதுவும் ஞாயிறு காலைகளில் கட்டாயமாக.

– பறவை ஆர்வலர்கள், திருப்பூர்