ஹீட் மேட் விற்கும் மதுரைக் கடைக்காரர்களுக்கு

வளர்ப்புப் பிராணிக் கடை நடத்தும் அண்ணன்மார்களுக்கு வணக்கம்.

போன மார்கழியில் ஒரு பால் பைத்தான் (Ball Python) என்னும் வெளிநாட்டு மலைப்பாம்பு வாங்கினேன். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவும் செய்தேன். "ராத்திரி குளிரும், தொட்டிக்கு அடியில் வைங்க" என்று கடையில் ஒரு ஹீட் மேட்டும், அதாவது மின்சாரத்தில் சூடேறும் விரிப்பும், கொடுத்தார்கள். அதன் சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட் கருவி பற்றி யாரும் பேசவில்லை. மூன்றாம் வாரம் பாம்பின் அடிவயிற்றுச் செதில்கள் பழுப்பாகிக் கொப்பளித்திருந்தன. சூடு அதிகமானால் நகர்ந்துவிடும் என்றுதான் நம்பியிருந்தேன். அது நகரவில்லை. அடியில் வெந்துகொண்டிருந்தாலும் பாம்பு அப்படியே சுருண்டு கிடக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. புண் ஆறுவதற்குள் அது பட்ட பாடு இன்னும் கண்ணில் நிற்கிறது.

தயவுசெய்து தெர்மோஸ்டாட் இல்லாமல் மேட்டை விற்காதீர்கள். மாட்டும் முறையையும் காட்டிக் கொடுங்கள். தெர்மோஸ்டாட்டில் சூட்டை அளக்கும் சென்சார் முனையை மேட்டின் மேலேயே ஒட்ட வேண்டும். காற்றில் தொங்கவிட்டால், காற்று சூடேறும்வரை மேட் சூடாகிக்கொண்டே இருக்கும். மேட் ஒரு பக்கம் மூன்றில் ஒரு பங்கு இடத்துக்குப் போதும். அங்கே 32 டிகிரி, மறுகோடியில் 26 இருந்தால் பாம்பு தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். சூடேறும் செயற்கைக் கல்லை விற்கவே வேண்டாம்.

அப்புறம் நம் ஊர் வெயில். சித்திரையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. மொட்டைமாடிக்குக் கீழே உள்ள அறையில் மேட்டே தேவைப்படாது. அந்த மாதங்களில் தொட்டியைக் கீழ்த்தளத்துக்கு இறக்கி, பாம்பு முழுதாக அமிழும் அளவு தண்ணீர்ப் பாத்திரம் வைக்கச் சொல்லுங்கள். இங்கே குளிரைவிட வெக்கைதான் பாம்பைக் கொல்லும்.

படுக்கைக்கு மர அறுவை மில் தூளை அள்ளிக் கொடுக்கிறீர்கள். அது என்ன மரமென்று யாருக்குத் தெரியும்? பைன், தேவதாரு எண்ணெய் வாடை பாம்பின் மூச்சுக்குக் கெடுதல். தூசியும் வாயில் ஒட்டும். சோழவந்தான் பக்கம் இத்தனை தென்னந்தோப்பு இருக்க, மரத்தூள் எதற்கு? உரம் கலக்காத தேங்காய் நார்த்தூளை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி உப்பைப் போக்கி, கையில் பிழிந்தால் சொட்டாத பதத்தில் பரப்பினால் போதும், தோலுரிக்க வேண்டிய ஈரமும் கிடைக்கும். புதிதாக வந்த பாம்புக்கு மட்டும் முதல் மாதம் பழைய செய்தித்தாள் விரிக்கட்டும். எச்சமும் உண்ணியும் உடனே தெரியும்.

சாரை, மண்ணுளி கேட்டு வருபவர்களிடம் நம் நாட்டுப் பாம்புகளை வளர்க்கக் கூடாதென்னும் 1972 வனவிலங்குச் சட்டத்தைச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள். மற்றவர்களுக்கு, பில் போடும்போது தெர்மோஸ்டாட் மாட்டும் முறையை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எழுதித் தர நான் வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் வாடிக்கையாளன்