ஆண்டறிக்கை: இந்த வருஷம் நம்ம சர்ஃபிங் (அலைச்சறுக்கு) சங்கத்துல தண்ணியில நடந்தது

எல்லாருக்கும் வணக்கம். தலைவர், பொருளாளர், கமிட்டி மெம்பர்ஸ், புதுசா சேர்ந்தவங்க எல்லாருக்கும் முன்னாடி செயலாளர்ங்கற முறையில இந்த அறிக்கையை வைக்கிறேன். வரவு செலவை பொருளாளர் தனியா படிப்பாரு, நான் போர்டு, பயிற்சி, பாதுகாப்பு மட்டும் சொல்லிடறேன்.

இந்த வருஷம் அதிகமா விவாதம் நடந்தது ஒரே ஒரு தீர்மானத்து மேல தான், புதுசா வர்றவங்க சொந்த போர்டு வாங்கறதுக்கு முன்னாடி ஒரு சீசன் முழுக்க சங்கத்தோட பெரிய ஃபோம் போர்டுல, அதாவது மேல மெத்துன்னு இருக்கற பயிற்சி போர்டுல தான் கத்துக்கணும்ங்கற தீர்மானம். நிறைய பேருக்கு பிடிக்கல, புரியுது, வீடியோல பாக்கற ஆளுங்க எல்லாம் 6 அடிக்கும் கம்மியான கூர் மூக்கு போர்டுல பறக்கறாங்க, நம்ம கையில 8 அடி, 9 அடி ஃபோம் போர்டை கொடுத்தா யாருக்கும் முகம் சுருங்கத்தான் செய்யும். ஆனா போர்டோட கன அளவை, லிட்டர் கணக்கை ஒருதடவை பாருங்க. 1 லிட்டர் கன அளவு தண்ணிக்குள்ள போனா சுமார் 1 கிலோவை தாங்கும், அதனால 70 கிலோ ஆள் கத்துக்கறப்போ 70 லிட்டர் பக்கத்துல இருந்தா தான் படுத்து கையால துழாவும்போது போர்டு முழுகாம முன்னாடி போகும், வேகம் வரும், அலை நம்மள தாண்டி போறதுக்குள்ள அதை பிடிக்க முடியும். அதே எடை உள்ள தேர்ந்த ஆள் 30 லிட்டருக்கு கொஞ்சம் முன்ன பின்ன வச்சே ஓட்டுவாரு, ஏன்னா அவருக்கு எந்த இடத்துல காத்திருக்கணும், எப்போ துழாவ ஆரம்பிக்கணும்னு தெரியும். அந்த அறிவு சின்ன போர்டு வாங்கினா கூட சேர்ந்து வராது. பெரிய போர்டுல இருந்தவங்க சீசன் முடியும்போது பாப்-அப் பண்ணி, அதாவது படுத்த நிலையிலேருந்து சட்டுனு எழுந்து நின்னு, அலையோட ஓரமா திரும்பற அளவுக்கு வந்துட்டாங்க, சின்னதை பிடிவாதமா எடுத்தவங்கள்ல பல பேர் இன்னும் நுரையில தான் புரண்டுகிட்டு இருக்காங்க. எனக்கு இதுல துளி கூட சந்தேகம் இல்ல, தீர்மானம் தொடரணும்.

ஃபின், அதாவது போர்டுக்கு கீழ பின்பக்கம் மாட்டற மீன் செதில் மாதிரி தகடு, அதை பத்தியும் நிறைய கேள்வி வந்துச்சு. 1935ல அமெரிக்க சர்ஃபர் டாம் பிளேக் போர்டுக்கு கீழ முதல் ஃபின் மாட்டினதுக்கு அப்புறம் தான் போர்டு பின்பக்கம் வழுக்காம திரும்ப ஆரம்பிச்சுது, ஆஸ்திரேலிய சர்ஃபர் சைமன் ஆண்டர்சன் 1980ல மூணு ஃபின் வச்சு போர்டு செஞ்சு அடுத்த வருஷமே அதுல பெரிய போட்டிய ஜெயிச்ச பிறகு உலகமே அந்த பக்கம் சாஞ்சுது. அதனால ஃபின் முக்கியமில்லன்னு சொல்லல, ஆனா நேரா நிக்க கத்துக்கற வரைக்கும் போர்டோட வந்த ஃபினே போதும், அந்த காசை நல்ல லீஷுக்கும் (போர்டை ஆளோட கட்டற கயிறு) உடம்புக்கு சரியா பொருந்தற, குளிர் தாங்கற வெட்சூட் உடைக்கும் போடுங்க.

போர்டு மேல நின்னுகிட்டே துடுப்பு போடற ஸ்டாண்ட்-அப் பேடில் பிரிவுல கூட்டம் கூடியிருக்கு, ரொம்ப சந்தோஷம். பம்ப் வச்சு காத்து அடைக்கற போர்டுகள்ல திரும்ப திரும்ப பாத்த குறை என்னன்னா பாதி பம்ப் பண்ணிட்டு கை வலிக்குதுன்னு நிறுத்திடறாங்க. ஆரம்பத்துல பம்போட அழுத்தம் காட்டற முள்ளு அசையவே அசையாது, கடைசி கொஞ்ச நேரத்துல தான் ஏறும், போர்டு மேல எழுதியிருக்கற அளவு, பெரும்பாலும் 12லேருந்து 15 பிஎஸ்ஐ (காத்து அழுத்தத்தோட அளவு), அது வர்ற வரைக்கும் அடிக்கணும், இல்லன்னா நடுவுல குழிஞ்சு பேலன்ஸே கிடைக்காது. துடுப்போட தட்டை பகுதி முன்பக்கம், அதாவது போர்டு மூக்கு பக்கம் சாஞ்சிருக்கணும், இத சீனியர்ஸ் கூச்சப்படாம திருத்தி விடுங்க.

இப்போ பாதுகாப்பு. கரையிலேருந்து கடல் பக்கம் வீசற காத்து இருந்தா பேடில் போர்டு இறக்கறதில்லன்னு கமிட்டி கண்டிப்பா முடிவு பண்ணியிருக்கு. கரையோரம் தண்ணி கண்ணாடி மாதிரி அமைதியா தெரியும், கொஞ்சம் உள்ள போனா நிக்கற உடம்பே பாய் மாதிரி காத்தை வாங்கி தள்ளிகிட்டே போகும், திரும்பி வர தெம்பு இருக்காது. அப்படி ஆயிட்டா போர்டை விடவே கூடாது, மண்டி போட்டு இல்ல படுத்துகிட்டு துழாவணும், போர்டு தான் அப்போ மிதவை. அலையில கணுக்கால் லீஷ் சரி, ஆனா ஓடற ஆத்துல அது கிளையிலயோ பாறையிலயோ மாட்டினா ஆளை கீழ இழுத்து பிடிச்சுக்கும், அங்க இடுப்புல மாட்டற, ஒரே இழுப்புல கழண்டு வர்ற பெல்ட் லீஷ் மட்டும் தான். விழும்போது தலைகுப்புற பாயாதீங்க, தட்டையா விழுங்க, மேல வரும்போது கையால தலையை மூடிகிட்டு வாங்க. அலைக்கும் உங்களுக்கும் நடுவுல போர்டு வரவே கூடாது, இதை மறந்து பல்லு, மூக்குனு அடிபட்டவங்களை நாம பாத்துட்டோம்.

போர்டு ரிப்பேர் வேலையை மெயின்டனன்ஸ் குழு அருமையா பாத்துகிட்டாங்க. ஒரு வேண்டுகோள், சின்ன விரிசல் தானேன்னு தண்ணியில இறக்காதீங்க, உள்ள ஃபோம் தண்ணி குடிச்சு கனமாயிடும், உடனே சொல்லுங்க, முழுசா காஞ்ச பிறகு தான் விரிசலை அடைக்கற ரெசின் பசை போட முடியும்.

கைட் பிரிவு, அதாவது பெரிய பட்டம் இழுக்க போர்டுல போறதுக்கு ஒரு பிரிவு, ஆரம்பிக்கணும்னு சில பேர் எழுதி கொடுத்திருக்காங்க. எனக்கு ஆசை தான், ஆனா ஒரு பயிற்சியாளரும், கைட்டை ஏவி விட, இறக்க உதவற கூட்டாளியும், அவசரத்துல கைட்டை கழட்டி விடற க்விக் ரிலீஸை கண்ணை மூடிகிட்டே செய்யற பழக்கமும் இல்லாம அதை தொட விடக்கூடாதுங்கறது என் கருத்து. இதுக்கு ஒரு துணைக்குழு போடலாமான்னு இன்னிக்கு பேசி முடிவு பண்ணுங்க. அறிக்கையை பொதுக்குழு ஏத்துக்கணும்னு கேட்டுக்கறேன்.

செயலாளர்