கண்டக்டரே, கை ஊனாம எந்திரிச்சேன்

அன்புள்ள கண்டக்டருக்கு,

நாலு மாசமா உம்ம கடிதத்துக்குப் பதில் போடல. கோவிச்சுக்கிடாதியும். இங்க எல்லாரும் சொகம். உம்ம தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் முடிஞ்சு, இப்ப ஊசியில நூல் கோக்கா. டைம்கீப்பர் அண்ணாச்சி பேரனுக்குக் காதுகுத்து வச்சாரு. 'அவன் வரலியா, அவன் வரலியா'ன்னு உம்மையே தேடிக்கிட்டிருந்தாரு. மதினி கேட்ட பத்தமடைப் பாய் வாங்கியாச்சு. மெட்ராசுக்கு ஆள் வரும்போது குடுத்து விடுதேன்.

இப்ப சேதிக்கு வாறேன். நேத்து தை அமாவாசை. குறுக்குத்துறையில அப்பாவுக்குத் தர்ப்பணம் குடுத்துட்டு, தரையில சம்மணம் போட்டு உக்காந்திருந்த நான் கையை ஊனாம எந்திரிச்சேன் வே.

இதுல என்னன்னு கேப்பீரு. ஆடி அமாவாசைக்கு நடந்ததை நான் உமக்கு எழுதல. அதே படித்துறை. எந்திரிக்கப் பாக்கேன், தொடை சொன்னபடி கேக்கல. ஐயர் ஒரு கை, யாரோ ஒரு பையன் ஒரு கைன்னு தூக்கி விட்டாங்க. பேரன் பாத்துக்கிட்டே நின்னான். 'தாத்தா, கால்ல அடிபட்டுட்டா?'ன்னான். அடி ஒண்ணும் படலியே வே. அடிபடாமயே ஒரு மனுசன் கால் இப்படி ஆகுமான்னு அன்னைக்கு ராத்திரி முழுக்கத் தூக்கம் வரல.

மறுநாள் சர்க்கரை பாக்க ரத்தம் குடுத்தேன். வெறும் வயித்துல 118. HbA1c-ன்னு சொல்லுத மூணு மாசச் சராசரி 6.1. வெறும் வயித்துல 126, சராசரி 6.5 தொட்டா சர்க்கரை நோய்னு எழுதிருவாங்களாம். நமக்கு இன்னும் உள்ள வரல, நடையில நிக்கி.

உடனே ரோசம் வந்துட்டு எனக்கு. ஆவணி ஒண்ணாந்தேதி வ.உ.சி. மைதானத்துக்குப் போயி, பழைய செருப்போட ஒண்ணேகால் மணி நேரம் விறுவிறுன்னு சுத்தினேன். ரெண்டாம் நாளு தொடையும் கெண்டைக்காலும் கல்லு மாதிரி. அப்பவும் விடல. நாலாம் நாளு முட்டி வீங்கிட்டு. அதோட ஒரு மாசம் கட்டில்தான். நடை நமக்கு ஒத்து வராதுன்னு முடிவே கட்டிட்டேன்.

பிசியோதெரபி படிச்ச நம்ம சின்னவ அப்பத்தான் லீவுல வந்தா. முட்டியை அமுக்கிப் பாத்துட்டு, 'பத்து நிமிஷம் போதும்ப்பா'ன்னா. பத்து நிமிஷத்துல என்ன கிழிக்க முடியும்னு சண்டை போட்டேன். அவ விடல. தசை சீக்கிரம் பலம் புடிச்சிருமாம். எலும்போட அதைக் கட்டியிருக்க நாருக்குக் கூடுதல் நாள் வேணுமாம். தசையை நம்பி ஓடினா நாரு மாட்டிக்கிடும், அதான் முட்டி வீங்கிருக்குன்னா. மொத நாளைவிட ரெண்டாம் நாளு வலி கூடுறது பழக்கமில்லாத உடம்புக்கு வாறதுதானாம், தானே அடங்கிரும். மூட்டுக்குள்ள சுருக்குன்னு குத்துனாத்தான் நிப்பாட்டணும்.

அதுலருந்து நம்ம பழைய முறையிலயே ஓட்டுதேன் வே. ட்ரிப் ஷீட் போட்டுட்டேன்! காலையில 5.40 வண்டி. வண்ணார்பேட்டையில எடுத்து, சுலோச்சன முதலியார் பாலத்துல ஏறி, திரும்பி வீடு. ரெண்டு வாரம் பத்து நிமிஷம்தான். அப்புறம் வாரத்துக்கு அஞ்சஞ்சு நிமிஷம் கூட்டி, இப்ப முப்பது நிமிஷம், வாரத்துல அஞ்சு நாளு. கூட வாற ஆளோட பேச முடியணும், ஆனா பாட முடியக்கூடாது. அதுதான் வேகத்துக்கு அளவு. மழையோ விசேஷமோ வந்து ஒரு ட்ரிப் கட் ஆனா ஆயிட்டுப் போவுது. அடுத்த ட்ரிப்பை மட்டும் கட் பண்ண விட மாட்டேன். 1843-லருந்து நிக்க பாலம் அது. பாபநாசம் வண்டியை எத்தனை ஆயிரம் தடவை அதுல ஓட்டிருப்பேன்! கீழ ஆத்துல விடிகாலையில கொக்கு நிக்கிறதை இந்த வருஷம்தான் கண்ணால பாத்தேன்.

நடையைவிட எனக்குக் கைகுடுத்தது நாற்காலி. உக்காரணும், எந்திரிக்கணும், அவ்வளவுதான். மொத வாரம் கைப்பிடியைப் புடிச்சு அஞ்சு. இப்ப கையை நெஞ்சுல கட்டிக்கிட்டு பத்து பத்தா மூணு தடவை, ஒருநாள் விட்டு ஒருநாள். உடம்புலயே பெரிய தசை தொடையிலயும் குண்டியிலயும்தானாம். தசை வேலை செய்யும்போது ரத்தத்துல இருக்க சர்க்கரையைத் தானே இழுத்துக்கிடுமாம், இன்சுலின் சரியா எடுபடாத உடம்புலகூட. அந்தத் தசையை 29 வருஷம் சீட்டுல உக்காத்தியே வச்சிருந்தேனே வே.

சின்னவ இன்னொண்ணு சொன்னா. அதைக் கேட்டதுலருந்து உம்ம நெனப்புதான். லண்டன்ல ஜெரிமி மாரிஸ்னு ஒரு டாக்டர், மாடி பஸ் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் வச்சு ஆராய்ச்சி பண்ணி 1953-ல எழுதினாராம். ஒரே வண்டி, ஒரே ரூட்டு. நாளெல்லாம் மாடிப்படி ஏறி இறங்கின கண்டக்டர்களுக்கு டிரைவர்களைவிட மாரடைப்பு கொறைவா இருந்துச்சாம். டிரைவர்க வேலைக்குச் சேரும்போதே கொஞ்சம் தடியாத்தான் இருந்தாங்கன்னு யூனிஃபார்ம் அளவை வச்சே பின்னால அவரே கண்டுபுடிச்சாரு. ஆனாலும் நடந்து போற தபால்காரர்களையும் உக்காந்து வேலை பாக்கிறவங்களையும் ஒப்பிட்டப்பவும் அதே கணக்குதான் வந்துச்சாம். அவரு 99 வயசு இருந்தாரு.

சேர்மாதேவி தாண்டி, நிக்க இடமில்லாத கூட்டத்துல, பின்படிக்கட்டுலருந்து முன்படிக்கட்டு வரைக்கும் நீரு நீந்திப் போவீரே! உம்ம உடம்பைப் பாத்து அன்னைக்கு எனக்குப் பொறாமை. இப்ப நீரு எழுதுதீரு: மூணாவது மாடி, லிப்ட், டி.வி., ராத்திரி தோசை. முட்டி வலிக்குன்னு படியில எறங்குறதே இல்லைன்னு எழுதிருந்தீரே, அந்த வரியைப் படிச்சதுலருந்து எனக்கு மனசு சரியில்ல. நான் ஆடியில நின்ன எடத்துல இப்ப நீரு நிக்கீரு வே. படித்துறையில என்னைத் தூக்கி விட ஆள் இருந்துச்சு. பகல்ல மகனும் மருமகளும் வேலைக்குப் போன பெறவு, மதினி ஒத்தையா உம்மைத் தூக்குவாகளா?

பிரஷர் மாத்திரை போடுத ஆளு நீரு. அதனால மொதல்ல டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடும். நடக்கும்போது நெஞ்சு அடைச்சாலோ, தலை சுத்தினாலோ, பல்லைக் கடிச்சுக்கிட்டு நடக்காதியும், அங்கனயே உக்காந்து ஆளைக் கூப்பிடும். மத்தபடி பெருசா ஒண்ணும் வேண்டாம். மாடிப்படியை இப்பத் தொட வேண்டாம். சாப்பிட்டு முடிச்சதும் டி.வி. முன்னால உக்காராம, மதினியோட வராந்தாவுல பத்து நிமிஷம் நடந்தாப் போதும். நாற்காலியைச் சுவத்தோட ஒட்டிப் போடும், வழுக்கிறாம இருக்கும்.

பங்குனியில பேத்தி காதுகுத்துக்கு நான் அங்க வாறேன். அதுக்கு முன்னால ஒரு கார்டு போடும். ஊர்க்கதை எல்லாம் வேண்டாம். கைப்பிடியைத் தொடாம எத்தனை தடவை எந்திரிச்சீருன்னு அந்த நம்பரை மட்டும் எழுதும். ஒண்ணுன்னாலும் சரி, எழுதும்.

இப்படிக்கு
உம்ம டிரைவர்
வண்ணார்பேட்டை