கமலாவுக்கு, கொழிஞ்சாம்பாறையிலிருந்து

அன்புள்ள கமலா,

உன் கடிதம் கிடைத்தது. உன் மகள் வளைகாப்புக்கு என்னை எதிர்பார்க்காதே. பிள்ளை பெற்ற வீட்டை விட்டு எங்கே கிளம்புவது!

பிள்ளை பெற்றவளுக்கு என்ன சமைப்பது என்று கேட்டிருந்தாய். இங்கே இரண்டு கட்சி. எங்கள் அம்மாவுக்குப் பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும்தான் பத்தியம். ஒற்றப்பாலத்துச் சம்பந்தியம்மாவோ வந்ததுமே உலுவாக் கஞ்சியில், அதுதான் வெந்தயக் கஞ்சியில், இறங்கிவிட்டார். ராத்திரியே வெந்தயத்தை ஊற வைத்து, நவர என்கிற கேரளத்து மருந்தரிசியோடு குழைய வேகவிட்டு, தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்ப்பார். வாசனைக்கே எனக்கும் ஒரு கிண்ணம் வேண்டும்போல இருக்கும். கசப்பு தெரியாது.

சுறாவை மட்டும் நான் நிறுத்திவிட்டேன். பெரிய மீனில் பாதரசம் சேரும், கொஞ்சம் தாய்ப்பாலிலும் இறங்கும். அதற்குப் பதில் மத்தி. விலையும் குறைவு, சத்தும் அதிகம். அம்மாவுக்குத்தான் கோபம், "நான் அஞ்சு பெத்தவ" என்றாள். சரி, என்ன செய்வது.

உண்மையில் எனக்குச் சண்டை பத்தியத்தோடுதான். பருப்பு வாயு, கீரை சீதளம், தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும் என்று எல்லாவற்றையும் விலக்கினால் பிள்ளை பெற்றவள் எதைத்தான் தின்பாள்? பாலில் பெரும்பங்கு தண்ணீர்தானே. பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு சொம்பு வைத்துவிடுகிறேன். முதல் ஆறு மாதம் பால் கொடுப்பவளுக்கு நாளுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டுமாம். நம்ம கணக்கில் இரண்டு தோசை, ஒரு டம்ளர் பால், ஒரு கைப்பிடி வேர்க்கடலை. இவ்வளவுதான், இதற்கு ஏன் இத்தனை விலக்கு?

லேகியம் தின்றால்தான் பால் ஊறும் என்பதையும் ரொம்ப நம்பாதே. குழந்தை அடிக்கடி சப்பினால் பால் தானே ஊறும். அதுவும் உன் மகளுக்குக் கர்ப்பச் சர்க்கரை என்கிறாய். லேகியத்தில் பாதிக்குமேல் வெல்லமும் நெய்யும்தான், டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதே. வெந்தயத்தையும் கேட்டுவிட்டே கொடு.

இரும்புச்சத்து மாத்திரை பிரசவத்துக்குப் பின்னும் 180 நாள் உண்டு. கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போடக்கூடாது, டீயோடும் கூடாது என்று ஊர்ச் சுகாதாரப் பணியாளரான ஆஷா சேச்சி வரும்போதெல்லாம் சொல்லிவிட்டுப் போகிறார். நான் இரும்பு மாத்திரையை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் கால்சியத்தைக் காலையிலும் இரவிலும் கொடுக்கிறேன். மதியச் சாதத்துக்கு முருங்கைக்கீரைப் பொரியல், கூட ஒரு நெல்லிக்காய்.

அப்புறம், மாப்பிள்ளையையும் கவனி. எங்கள் வீட்டுப் பையன் ராத்திரியெல்லாம் குழந்தையைத் தோளில் போட்டு நடந்துவிட்டு, பகலில் டீயும் பழம்பொரியும் தின்றே ஓட்டினான். இப்போது அவனுக்கும் சேர்த்துத்தான் உலை வைக்கிறேன்.

பொள்ளாச்சிச் சந்தையில் நல்ல கேழ்வரகு கிடைத்தால் எனக்கும் இரண்டு கிலோ வாங்கி வை. இந்தப் பக்கம் வருபவர் யாரிடமாவது கொடுத்தனுப்பு.

அன்புடன்,
சரஸ்வதி