நடுவில் இருக்கும் பையன்

அன்புள்ள சண்முகம்,

பேத்தி பிறந்த செய்தி கிடைத்து வீடே மகிழ்ந்தது. கண்புரை அறுவை முடிந்து நேற்றுதான் எனக்குப் புதுக் கண்ணாடி வந்தது. அதனால்தான் பதில் தாமதம்.

ஏழையை வரைவதால் ஏழைக்கு என்ன கிடைத்தது என்று கேட்டிருந்தாய். அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. ரஷ்ய ஓவியர் வசீலி பெரோவின் நினைவுதான் வந்தது.

1861இல் அவர் ஒரு கிராமத்து ஈஸ்டர் ஊர்வலத்தை வரைந்தார். குடிபோதையில் நிற்க முடியாத பாதிரியார், திருவுருவப் படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நடக்கும் கிழவன். கண்காட்சியிலிருந்து ஓவியத்தை எடுத்துவிட்டார்கள். பிறகு உதவித்தொகையில் பாரிஸ் போனவர், அந்த மக்களின் வாழ்க்கை தனக்குப் பிடிபடவில்லை என்று தவணை முடியும் முன்பே, 1864இல், ஊர் திரும்பிவிட்டார். அந்த நேர்மைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

1866இல் வரைந்தது 'திரோய்கா'. மூன்று குதிரை பூட்டிய வண்டிக்கு அங்கே அந்தப் பெயர். இதில் குதிரைகளுக்குப் பதில் மூன்று பிள்ளைகள். தொழில் பழக விடப்பட்ட சிறுவர்கள், பெரிய தண்ணீர்ப் பீப்பாயைப் பனிச்சறுக்கு வண்டியில் வைத்து இழுக்கிறார்கள். வழிந்த தண்ணீர் பீப்பாயின்மேலேயே உறைந்து தொங்குகிறது.

நடுவில் இருக்கும் பையனுக்கு முகம் கிடைக்காமல் பெரோவ் தேடி அலைந்திருக்கிறார். ஒருநாள் தெருவில் ஒரு குடியானவப் பெண்ணையும் அவள் மகன் வாஸ்யாவையும் கண்டார். கணவனையும் மற்றப் பிள்ளைகளையும் பறிகொடுத்தவள் அவள். படம் எழுதினால் பிள்ளைக்கு ஆகாது என்று பயந்தவளைப் பேசிச் சம்மதிக்க வைத்தார். சில ஆண்டுகள் கழித்து அவளே தேடி வந்தாள். வாஸ்யா அம்மையில் போய்விட்டான். இருந்ததையெல்லாம் விற்ற பணத்தோடு, படத்தை விலைக்குக் கேட்டாள். அதற்குள் அதை ஓவியங்கள் சேகரிக்கும் மாஸ்கோ வணிகர் த்ரெத்யாகோவ் வாங்கியிருந்தார். பெரோவ் அவளை அவர் வீட்டுக்கே அழைத்துப் போனார். மகனைப் பார்த்ததும் அவள் சொன்னது, உடைந்த அவன் பல்லைப் பற்றி. பிறகு படத்தின் முன் மண்டியிட்டுத் தொழுதாள். பெரோவே இதை எழுதிவைத்திருக்கிறார். வாஸ்யாவைத் தனியாக வரைந்து அவள் ஊருக்கு அனுப்பியதாகவும் சொல்கிறார்.

அவளுக்கு என்ன கிடைத்தது என்று நீயே சொல், சண்முகம்.

படத்தின் அச்சுப்பிரதி ஒன்றை உள்ளே வைத்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்து, முதலில் அந்தப் பையனின் வாயைப் பார். பிறகு எழுது.

என்றும் உன்,
ராமலிங்கம்