ஆண்டறிக்கை: உப்பை அழுத்திப் பார்த்த ஓராண்டு

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நமது அறிவியல் வாசகர் வட்டத்தின் கடந்த ஆண்டுச் செயல்பாடுகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

மாதம் ஒரு தலைப்பு என்ற பழைய வழக்கத்தை விட்டு, ஆண்டு முழுவதும் ஒரே பொருளை எடுத்துக்கொள்வது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவானது. மிக உயர்ந்த அழுத்தத்தில் சாதாரண உப்புகளின் வேதிப்பிணைப்பு என்ன ஆகிறது என்பதுதான் பொருள். ஒரே விஷயத்தைப் பேசிக்கொண்டிருந்தால் யார் வருவார்கள் என்று செயற்குழுவில் சிலர் தயங்கினார்கள். அது நியாயமான தயக்கம்தான். ஆனால் ஒரு கூட்டத்தில் முடியாத கேள்வியை வீட்டுக்கு எடுத்துப்போய், அடுத்த கூட்டத்துக்குப் படித்துவிட்டு வந்து பேசியவர்களை இந்த ஆண்டுதான் பார்த்தேன். முடிவு சரியானது என்றே சொல்வேன். ஐப்பசிக் கூட்டம் மழையால் தள்ளிப்போனது. மார்கழியில் பாதிப் பேர் சபாக்களில் இருப்பார்கள் என்பதால் கூட்டம் வைக்கவில்லை.

தொடக்கக் கூட்டத்தில், மரக்காணம் உப்பளத்திலிருந்து ஓர் உறுப்பினர் கொண்டுவந்த கல்லுப்பை உருப்பெருக்கியில் பார்த்தோம். சதுரம் சதுரமான படிகங்கள். சிலவற்றில் முகத்தின் நடுப்பகுதி கோயில் குளத்துப் படிக்கட்டுபோல உள்நோக்கி இறங்கியிருந்தது. அந்தச் சதுரத்துக்குள் ஒவ்வொரு சோடியம் அயனியைச் (மின்னூட்டம் பெற்ற அணுவைச்) சுற்றியும் ஆறு குளோரைடு அயனிகள் இருப்பதை 1913-இல் எக்ஸ் கதிர் மூலம் கண்டுபிடித்தவர்கள் பிராக் தந்தையும் மகனும். நம் மாணவ உறுப்பினர்கள் கோலிக்குண்டுகளையும் மேசைப்பந்துகளையும் பசை போட்டு ஒட்டி இந்த அமைப்பைச் செய்து காட்டினார்கள். அப்புறம் அதைக் கலைத்து, நடுவில் ஒன்று, மூலைகளில் எட்டு என்று அடுக்கினார்கள். அழுத்தம் செய்வதும் ஏறக்குறைய அதுதான். பொட்டாசியம் குளோரைடு சுமார் 2 ஜிகாபாஸ்கலிலேயே எட்டுக்கு மாறிவிடும். நம் சமையல் உப்புக்குச் சுமார் 30 ஜிகாபாஸ்கல் வேண்டும், அதாவது மூன்று லட்சம் வளிமண்டல அழுத்தம். கடலின் மிக ஆழமான மரியானா அகழியின் அடியில்கூட ஆயிரத்து நூறு வளிமண்டலத்தை ஒட்டித்தான் இருக்கிறது. இதில் ஒரு விசித்திரம் உண்டு. மாறும் கணத்தில் உப்பு மொத்தத்தில் அடர்த்தியாகிறது. ஆனால் பக்கத்துப் பக்கத்து அயனிகளின் இடைவெளி சற்றுக் கூடுகிறது. பங்காளிகள் கூடிவிட்டதால் ஒவ்வொரு பிணைப்பும் கொஞ்சம் தளர்கிறது. இதை ஏற்றுக்கொள்ள எங்களுக்கு ஒரு மாலை முழுவதும் பிடித்தது.

இவ்வளவு அழுத்தத்தை எப்படித் தருகிறார்கள்? 1946-இல் நோபல் பரிசு பெற்ற பிரிட்ஜ்மனின் கருவிகள் பெரிய இரும்பு எந்திரங்கள். 1958-இல் அமெரிக்காவில் வந்த வைரப் பட்டடைக் கருவியோ கைக்குள் அடங்கும். முனை தட்டையாக்கப்பட்ட இரண்டு வைரங்கள் எதிரெதிரே. நடுவில் மயிரிழை அளவுத் துளையிட்ட உலோகத் தகடு. துளைக்குள் துளியூண்டு உப்பும் ஒரு மாணிக்கத் துகளும். மாணிக்கத்தின் மீது லேசர் பட்டால் அது 694 நானோமீட்டர் அருகே சிவப்பாக ஒளிரும். ஒவ்வொரு ஜிகாபாஸ்கலுக்கும் அந்த அலைநீளம் சுமார் 0.36 நானோமீட்டர் கூடும். அழுத்தமானி அதுவே. வைரம் கண்ணாடிபோல ஒளியை விடுவதால் உள்ளே நடப்பதை நேராகப் பார்க்கலாம்.

தேசிய அறிவியல் தினமான பிப்ரவரி 28 கூட்டத்தை, பெங்களூரில் ராமனிடம் ஆய்வு செய்த ஏ. ஜெயராமனின் பணிக்கு ஒதுக்கினோம். 1970-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் அவர் குழுவினர் சமாரியம் சல்பைடை அழுத்தினார்கள். உப்பின் அதே படிக அமைப்புள்ள கறுப்புப் பொருள் அது. 0.65 ஜிகாபாஸ்கலில் சட்டென்று பொன்னிறமாகி, உலோகமாக மின்சாரம் கடத்தியது. படிக அமைப்பு மாறவில்லை. சமாரியம் தனக்குள் வைத்திருந்த எலக்ட்ரான் வெளியே வந்துவிட்டது. அன்று பேசிய, வேதியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற நம் உறுப்பினரை அரங்கம் எழுந்து நின்று பாராட்டியது. அதற்கு அவர் முழுத் தகுதியுள்ளவர். சீசியம் அயோடைடு சுமார் 110 ஜிகாபாஸ்கலில் உலோகமாவதையும், 1998-இல் 180 ஜிகாபாஸ்கல் அருகே, மிகக் குறைந்த வெப்பநிலையில், அது மீக்கடத்தியானதையும், அதாவது மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தியதையும் அவரே விளக்கினார்.

ஆண்டிலேயே சிறந்த கூட்டம் என்று நான் கருதுவது அதற்கடுத்தது. 2013-இல் ஒகனோவ், கோன்சரோவ் முதலியோர் அடங்கிய குழு வெளியிட்ட முடிவுகளைப் படித்தோம். முதலில் கணினியில் கணித்து, பிறகு வைரங்களுக்கு நடுவே சுமார் 60 ஜிகாபாஸ்கல் அழுத்தத்தில் உப்பை லேசரால் சூடாக்கிப் பார்த்தார்கள். குளோரின் மிகுதியாக இருந்தபோது ஒரு சோடியத்துக்கு மூன்று குளோரின் கொண்ட சேர்மம் உருவானது. சோடியம் மிகுதியாக இருந்தபோது மூன்று சோடியத்துக்கு ஒரு குளோரின். இரண்டாவதில் உப்பு அடுக்கும் சோடிய அடுக்கும் மாறி மாறி வருகின்றன. சோடிய அடுக்குகளின் வழியே மின்சாரம் ஓடும்.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர் எழுந்து, "அப்போ எங்க புக்ல இருக்கிற வேலன்சி தப்பா சார்?" என்று கேட்டார். ஒரு சோடியத்துக்கு ஒரு குளோரின்தான் என்பது அந்த வேலன்சி விதி. கேட்க வேண்டிய கேள்வி. கரும்பலகையில் கணக்குப் போட்டோம். எந்தச் சேர்மம் நிலைக்கும் என்பதை ஆற்றல் மட்டும் தீர்மானிப்பதில்லை. அழுத்தத்தையும் கன அளவையும் பெருக்கி அதோடு கூட்ட வேண்டும். நம் வீட்டுச் சமையலறையில் அந்தப் பெருக்குத்தொகை ஒன்றுமே இல்லை. 60 ஜிகாபாஸ்கலில் பத்து கன ஆங்ஸ்ட்ராம் (அணு அளவிலான) இடத்தை மிச்சப்படுத்தினால் கிடைப்பது சுமார் 3.7 எலக்ட்ரான்வோல்ட், ஒரு வேதிப்பிணைப்பின் ஆற்றலுக்குச் சமம். ஆக, பாடப்புத்தகம் தப்பில்லை. அது நாம் வாழும் அழுத்தத்துக்கான விதி. பூமிக்குள் 2,900 கிலோமீட்டர் இறங்கினால் அழுத்தம் 136 ஜிகாபாஸ்கலை எட்டிவிடுகிறது. கோளின் உட்புறத்தைப் பற்றிப் பேச அந்த விதி போதாது. இதைப் பள்ளியிலேயே ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்த மாணவி அடுத்த கூட்டத்துக்குத் தோழிகளோடு வந்தார்.

நிர்வாக விவரங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அரங்க வாடகை கூடியிருக்கிறது. சந்தாவைச் சற்று உயர்த்தும் தீர்மானம் அதனால்தான் வருகிறது. மாணவர்களுக்கு உயர்வு வேண்டாம் என்று செயற்குழு ஒருமனதாகப் பரிந்துரைக்கிறது. மாதிரிகள் செய்த மாணவர்களுக்கும், கட்டுரைகளை எளிய தமிழில் சுருக்கித் தந்த துணைச் செயலாளருக்கும் வட்டத்தின் நன்றி.

கல்பாக்கத்திலுள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் உயரழுத்த ஆய்வுகள் நடக்கின்றன. வைரப் பட்டடையை நேரில் பார்க்க அனுமதி கேட்டு எழுதுவதற்குப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன். வர விரும்புவோர் அடையாள அட்டை நகலோடு துணைச் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள்.